கறுப்புத் திரையும் என் கண் ஜம்பமும்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில், சர்வர் அறைக் கம்ப்யூட்டர் ஒரு லினக்ஸ். ஐகான், மவுஸ் என்று எந்த அலங்காரமும் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் கடுகளவு. பகல் ஷிப்ட் நான். மாலை ஷிப்ட் பல்லாவரத்திலிருந்து வரும் அக்கா.

நாற்பதைத் தாண்டியதும் எனக்குப் பக்கத்து எழுத்து மங்கிப்போனது. கண்ணாடி வாங்கியிருக்கலாம். ஆனால் போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் அக்காவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நீட்டுங்கக்கா, தாம்பரத்துலேர்ந்து படிக்கலாம்" என்று கேன்டீனே சிரிக்கக் கிண்டல் செய்தவன் நான். எந்த முகத்தோடு கண்ணாடி மாட்டுவது?

வழி கிடைத்தது. 'செட்ஃபான்ட்' என்று ஒரு கட்டளை. கூடவே ஒரு கோடும் 'டி'யும் தட்டினால் எழுத்து இரண்டு மடங்காகிவிடும். காலையில் வந்ததும் பெரிதாக்குவேன். அக்கா வருவதற்குள் வெறும் 'செட்ஃபான்ட்' தட்டிப் பழையபடி சுருக்கிவிட்டு, நல்ல பிள்ளையாக எழுந்துகொள்வேன். திருட்டுத்தனம்தான். ஆனால் ஜாலியாக இருந்தது.

ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கரன்ட் போனது. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. கரன்ட் வந்து மெஷின் மறுபடி எழுந்தபோது என் பெரிய எழுத்து காணாமல் போயிருந்தது. கடுகு எழுத்தில் ஏதோ ஒரு டிஸ்க் கெட்டுவிட்டதாகச் செய்தி. உற்பத்தி மொத்தமும் நின்றுவிட, அப்போதுதான் வந்த அக்காவின் பின்னாலேயே மேனேஜரும் ஓடிவந்தார்.

"எந்த டிஸ்க்னு படிங்க சார், உருவிடலாம்" என்றார் மேனேஜர் என்னிடம்.

மூன்றா, எட்டா? எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நல்ல டிஸ்க்கை உருவினால் கதை கந்தல்.

"அக்கா சீனியர். அவங்க படிக்கட்டும்" என்றேன்.

"அய்ய, தம்பி ஷிப்டு இன்னும் முடியல சார். அதுவே படிக்கட்டும்" என்றார் அக்கா.

கல்யாணப் பந்தியில் முதலில் உட்காரச் சொல்வதுபோல் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் பொறுமையிழந்து தானே குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், நிமிர்ந்தார். "இதைக் கொஞ்சம் பெருசாக்க முடியாதா?"

நான் கையை நீட்டுவதற்குள் அக்கா தட்டிவிட்டார். அதே கட்டளை, அதே கோடு, அதே 'டி'. கீபோர்டைக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்க் எண் எட்டு என்று பளிச்சென்று தெரிந்தது.

டிஸ்க்கை மாற்றி, மெஷின்கள் ஓடத் தொடங்கி, மேனேஜர் போனதும் கேட்டேன். "நீங்களுமாக்கா?"

"நீ கெளம்புனதும் பெருசு பண்ணிக்குவேன். நீ வர்றதுக்குள்ள சின்னதாக்கிட்டுப் போய்டுவேன்."

"பேசாம கண்ணாடி வாங்கியிருக்கலாமே?"

"வாங்காம இன்னா? ரெண்டு வருசமா பையிலதான் கீது. உன் வாய்க்குப் பயந்துதான் இங்க போடறதில்ல."

சிரிக்க வாயைத் திறந்தவனுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம்! நான் மறைத்ததற்குக் காரணம் என் ஜம்பம். அவர் மறைத்ததற்குக் காரணம் நான்.

"போட்டுக்கங்கக்கா" என்றேன். அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், புடவைத் தலைப்பால் துடைத்தார், மாட்டிக்கொண்டு என்னை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை நான் போட்டுப் பாக்கட்டுமா?"

"மொதல்ல சாரி சொல்லு."

சொன்னேன். அதற்கப்புறம்தான் கண்ணாடி என் கைக்கு வந்தது.