என் ரேடியோவை உடைத்த வில்பிரட் சேர்

என் வீட்டுக்காரர் வில்பிரட்டுக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டு. 'தெரியாது' என்பதுதான் அது. ஒருமுறை கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனையில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வேன்காரர் பிலிமத்தலாவைப் பக்கம் உள்ள ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டார். இவர் அந்த மண்டபத்தைக் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனாலும் கையை நீட்டி, இடது, வலது, பாலம், அரசமரம் என்று அழகாகச் சொல்லி அனுப்பினார். எங்கள் பஸ் வருவதற்கு முன்பே அந்த வேன் திரும்பி வந்துவிட்டது. மனுஷன் அசரவில்லையே! அப்படியென்றால் மற்றப் பக்கம்தான் என்று, அதே நம்பிக்கையோடு எதிர்த்திசையைக் காட்டினார். நான் யாரோ எவரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, வாத்தியாராகி 'சேர்' ஆனவர். கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தாலும், பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றாலும் அந்தத் தோட்டத்தில் எல்லோரும் இவரிடம்தான் ஓடி வந்தார்கள். பதில் சொல்லியே பழகிவிட்டார். இப்போது அம்பிட்டியப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறார். வரலாற்றில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் மறுநாள் பள்ளிக்கூடம் என்று சந்தோஷப்படுகிற ஒரே ஆசிரியர் இவராகத்தான் இருப்பார்.

போன பள்ளித் தவணையில் விஞ்ஞான டீச்சர் பிரசவ லீவில் போய்விட்டார். அதிபர் இவரைக் கூப்பிட்டு, ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தைக் கொஞ்ச நாளைக்குப் பார்க்க முடியுமா என்று கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். இவர் சரி என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

அதோடு வீட்டில் நிம்மதி போயிற்று. விடிந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப மனம் வராது. ஊற்றிய தேத்தண்ணி ஆறிக் கிடக்கும். புத்தகத்தைப் பார்த்து நோட் சொல்லி எழுத வைத்துவிட்டு, யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று மணி அடிக்கும்வரை பயந்துகொண்டிருப்பாராம். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போய் விடலாம், புருஷனை என்ன செய்வது? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முன்கூட்டியே வேலையிலிருந்து ஓய்வு எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் இந்த மனுஷன் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

அவர் பயந்தது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. மின்காந்தம் பற்றி நோட் எழுதிக்கொண்டிருந்த சிந்துஜா என்ற பிள்ளை எழுந்து, சத்தம் போடுகிற ஸ்பீக்கருக்குள் காந்தத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். இவர் அசடு வழிய நின்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒரு ஸ்பீக்கரைத் தானே செய்துகொண்டு வந்து காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

காந்தத்துக்கு எங்கே போவது? நான் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன், என்னுடைய ரேடியோ மேசையில் குடல் சரிந்து கிடக்கிறது. அதன் ஸ்பீக்கரை உடைத்து, பின்னால் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நல்லபடியாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை உடைத்து, பாடுமோ பாடாதோ என்ற ஒரு ஸ்பீக்கரைச் செய்கிற புத்திசாலியை இந்தக் கண்டியிலே வேறு எங்கும் பார்க்க முடியாது. வாய் வலிக்கும்வரை ஏசினேன். அவர் காதில் விழவில்லை.

பிறந்தநாள் விருந்தொன்றில் மிஞ்சிய காகிதத் தட்டின் பின்பக்கம் சின்னக் காகிதக் குழாய் ஒன்றை ஒட்டினார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடையில் வாங்கிய மெல்லிய செப்புக் கம்பியை அந்தக் குழாயில் சுற்றினார். கம்பியின் இரண்டு முனைகளையும், ரேடியோவிலிருந்து முன்பு ஸ்பீக்கருக்குப் போன வயர்களோடு முறுக்கிவிட்டார். குழாய்க்குள் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு ரேடியோவைப் போட்டார். ஒரு முனகல்கூட இல்லை. அவிழ்த்துச் சுற்றினார், ஒட்டினார், புதுப் பற்றரி போட்டார். ஞாயிறு பொழுது சாயும்போது, காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் எனக்கு ஏச மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, சுகமில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று நடந்ததை, பக்கத்து வகுப்பில் படிப்பிக்கிற சர்மிளா டீச்சர் பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான், எல்லாம் கேட்கும், இடுக்கால் தெரியவும் செய்யும். இவர் பையில் இருந்ததை மேசையில் பரப்பி, வயர்களை முறுக்கி ரேடியோவைப் போட்டுக் காட்டினாராம். பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறார்.

"புள்ளைங்களா, இது கத்த மாட்டேங்குது. ஏன்னு எனக்குத் தெரியல."

சர்மிளா டீச்சர் கையில் இருந்த சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டாராம். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வில்பிரட் சேர் வாயால் அப்படிக் கேட்டதில்லை.

வகுப்பு முழுக்க மேசையைச் சுற்றிக் குவிந்துவிட்டது. விஞ்ஞான டீச்சர் லீவில் போகுமுன், மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கப் பற்றரியும் டோர்ச் பல்ப்பும் வைத்துக் காட்டிய சோதனையை இதற்கும் செய்தார்கள். ரேடியோ வயர் வழியாக பல்ப் எரிந்தது. சுற்றிய கம்பி வழியாக எரியவில்லை. கம்பியோ எங்கும் அறுந்திருக்கவில்லை. சிந்துஜா அதன் முனையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, மேலே ஏதோ பூச்சு இருக்கிறது சேர் என்றாள். பளபளப்பைப் பார்த்து வெறும் செம்பு என்று இவர் நினைத்தது, மின்சாரம் கடக்காத வார்னிஷ். சவர பிளேட்டால் இரண்டு முனையையும் சுரண்டி, திரும்ப முறுக்கி, ரேடியோவைப் போட்டார்கள்.

தட்டு பேசியது. முதலில் வந்தது மரண அறிவித்தலாம்! இறந்தவர் யாரோ, பாவம், ஆனால் வகுப்பே கைதட்டியிருக்கிறது. காந்தத்தை இழுத்தால் சத்தம் போனது, கிட்டக் கொண்டுவந்தால் வந்தது. மின்சாரம் ஓடுகிறபோது கம்பிச் சுருளும் காந்தமாகிறது, இந்தக் காந்தம் அதைத் தள்ளியும் இழுத்தும் தட்டை நடுங்க வைக்கிறது, அந்த நடுக்கம்தான் சத்தம் என்று பிள்ளைகள் சொல்ல, இவர் கரும்பலகையில் எழுதினாராம். இரைச்சல் கேட்டு வந்த அதிபரும் குனிந்து காதைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இவர் ரேடியோ இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தார். அது இனி வகுப்பில்தான் இருக்குமாம். தேத்தண்ணி கேட்டு வாங்கிச் சூடாகக் குடித்தார். ஓய்வு எடுக்கிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. அடுத்து என்ன பாடம் என்று கேட்டேன்.

"ஒளி. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது மேபல்," என்றார், லொத்தரில் பரிசு விழுந்த ஆள் போல. பிறகு தயங்கித் தயங்கி, வீட்டில் ஒரு நல்ல கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது ஒன்றே ஒன்று. என் அலுமாரிக் கதவில் பதித்த கண்ணாடி. நான் எழுந்து போய், திருகாணிகளைக் கழற்றி, அதை ஒரு பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"உடைஞ்சாலும் பரவாயில்லங்க, கொண்டு போங்க."