எகரத்துக்கு ஒரு வால்

வரைபட அலுவலகத்தில் அவருக்குப் 'பேர்வச்சான்' என்று பட்டப்பெயர். நடுக்கடலில் எரிமலை கக்கிப்போட்ட ஆளில்லாத் தீவுகளுக்கெல்லாம் பெயர் சூட்டும் மகான். படகில் கால் வைத்தாலே குமட்டும் ஆசாமி. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே கரிமூக்கு, ஓட்டைப்பல், கூனன்பாறை என்று வைத்துத் தள்ளுவார். ஆள் பெயர் கூடாது, கண்ணில் பட்டதுதான் பெயர் என்பது அங்கே விதி.

புகை கசியும் ஒரு மேட்டுக்கு 'எரிமேடு' என்று எழுதினார். எழுத்துக்கு வால் இழுத்துவிடுவது அவருடைய பெரியமனுஷத்தனம். படம் வரைகிற பெண் தாளோடு வந்து நின்றாள்.

"சார், இது எரியா, ஏரியா?"

தன் கிறுக்கல் தனக்கே விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்வாரா? "உனக்குப் படிக்கத் தெரியாதா? எழுதியிருக்கறபடி போடும்மா."

ஏரிமேடு என்றே போட்டாள். அச்சான பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஏரியாம் ஏரி! இயக்குநர் நாற்காலி கைக்கு எட்டுகிற நேரம். எவன் போய்ப் பார்க்கப் போகிறான் என்று கமுக்கமாக இருந்துவிட்டார்.

போனது அவர் மகன். பாறைகளை ஆராய்கிறவன். கப்பல் ஏறும் நாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னான்: "மேட்டுலயே தங்கறோம்மா. அங்கதான் ஏரி இருக்கே, தண்ணி கேனைப் பாதியாக் குறைச்சுட்டோம்."

அப்பா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"உப்பு கொஞ்சம் கூட."

அட பாவி மனுஷா! பெற்ற பிள்ளையைவிடவா நாற்காலி பெரிசு? மழை கிழை பெய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கைகழுவிவிட்டார்.

மழையும் பெய்யவில்லை, கிழையும் பெய்யவில்லை. கடல் கொந்தளித்ததில் கூட்டிவரப் போன படகும் தாமதம். உதடு வெடித்து, நாக்கு தடித்து மகன் திரும்பினான். கூடப் போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

"அப்பா, அங்க ஏரியே இல்லப்பா."

"எல்லாம் அந்தப் பொண்ணு பண்ணின வேலைடா. அச்சாகி வந்த அன்னிக்கே நான் பார்த்துட்டேன்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தீவில் இறங்கியவர்கள் பெயர் முன்மொழியலாம். அடுத்த பெயர்க்குழுக் கூட்டத்தில் மகன் எழுந்து, அந்த மேட்டின் உச்சிக்கு 'வாய்மூடிப்பாறை' என்றான். புது இயக்குநராக நாற்காலியில் இருந்த அப்பா சிரித்தார்.

"பார்த்ததைத்தான் பேரா வைக்கணும். இதை எங்க பார்த்த?"

"நம்ம வீட்டுல. கிளம்பின அன்னிக்கு, சாப்பாட்டு மேசையில."

பேர்வச்சான் பேனாவை எடுத்து அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். வால் இழுக்கவில்லை.