ஒரு நடைக்கு இரண்டு கேன்

என் வீட்டுக்காரருக்கு அந்தத் தெருவில் எக்ஸ்பிரஸ் என்று பேர். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றினார் என்றால் நாலாவது மாடியில்தான் இறக்குவார். நடுவில் மூச்சு வாங்கக்கூட நிற்க மாட்டார். லிஃப்ட் இல்லாத பதினோரு கட்டடங்கள், இருபத்திரண்டு வருஷம். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வலது முட்டிதான் முதலில் மக்கர் பண்ணியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் பத்து நிமிஷம் சுவரைப் பிடித்தபடி நிற்பார். காலை மடக்கினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். கேட்டால், "வயசாச்சுல்ல" என்பார். ஐம்பத்து மூன்றெல்லாம் ஒரு வயசா? சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முட்டியின் வெளிப்பக்கம் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. உள்பக்கம் இரண்டும் ஒட்டிக் கிடந்தன.

"நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். அது தேஞ்சுபோச்சு. படி ஏறும்போது முட்டியில விழுற பாரம் உங்க எடையைப்போல மூணு நாலு மடங்கு. அதுக்கு மேல கேன் வேற. உள்பக்கம் தேயத் தேயக் கால் வளையும். வளைய வளைய பாரமும் அங்கேயே போய் விழும். வலது முட்டி இனிமே பழையபடி ஆகாது. இடதையாவது காப்பாத்திக்கோங்க. படி ஏறுறத பாதியா குறைங்க."

அதன்பின் அவர் வீட்டுக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார். பரவாயில்லையே, மனுஷர் பேச்சைக் கேட்கிறாரே என்று நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். நாலாவது மாசம் இடது முட்டி வீங்கிக்கொண்டது.

"டாக்டரம்மா சொன்னபடிதானே செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா. பாதியா குறைச்சுட்டேன். ஒரு நடைக்கு ரெண்டு கேன். தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணு. வலது காலுக்குச் சிரமம் வேண்டாம்னு ரெண்டையும் இடது பக்கமே தூக்கினேன். படியிலயும் இடது காலத்தான் முதல்ல வச்சேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஏமாற்றியிருந்தால் திட்டலாம். இவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். அடுப்படிக்குப் போய்த் தனியாக நின்று அழுதேன்.

இப்போது தண்ணீர் கம்பெனியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேனுக்கு மூடி போடுகிறார். எங்கள் வீடு இரண்டாவது மாடி, முப்பத்தாறு படி. வேலை விட்டு வந்ததும் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிடுவார். ஏறுவதற்கு மனசைத் தயார் பண்ண அரை மணி நேரம் ஆகும். எங்கள் கேனையும் கம்பெனி ஆட்கள் கீழ்வாசலோடு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வருஷமாக அதை இடுப்பில் வைத்து மேலே கொண்டுபோவது நான்தான்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான், கேனோடு அவரைத் தாண்டி நாலு படி ஏறினேன்.

"நில்லு" என்றார். "நீ எந்தக் கால முதல்ல வைக்கிற?"

"ஏதோ ஒரு கால். இப்ப அதுதான் முக்கியமா?"

"வலது. எப்பவும் வலதுதான். சத்தம் எனக்குக் கேட்குது."

வலது முட்டி வலிப்பதை இரண்டு மாசமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தைலம் தேய்ப்பதைக்கூட அவர் தூங்கிய பிறகுதான் வைத்துக்கொண்டேன்.

"கேனைக் கீழ வை. சொம்புல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கொண்டுபோகலாம்."

"நடை கூடுமே?"

"கூடட்டும்" என்றார் எக்ஸ்பிரஸ். "நம்ம வீட்டுல இருக்கறது நாலு முட்டி. அதுல மிச்சம் உன்னோட இடது ஒண்ணுதான்."

கேனைக் கீழே வைத்தேன்.