இடது மட்காட்டில் ஒரு கட்டைவிரல்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் போய் ஷரஃபுதீன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காந்த பாய் என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அறுபத்திரண்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம், கைக்குட்டையில் சுற்றியபடி. பழைய கார் ஏலத்துக்குப் போகிறது என்றால், வண்டியின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட அவரைத்தான் கூப்பிடுவார்கள். காந்தத்தைத் தகட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போவார். ஒட்டினால் அசல் தகடு. வழுக்கி விழுந்தால் பெயின்டுக்குக் கீழே பட்டி. அதாவது என்றைக்கோ நசுங்கியதைப் பூசி மறைத்திருக்கிறார்கள். எத்தனை பளபளப்பாகப் பூசியிருந்தாலும் பாயிடம் பாச்சா பலிக்காது. முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தப்பு கூட எழுதாதவர் என்று பேர். அந்தப் பேரைத் தவிர மனுஷனிடம் வேறு சொத்து என்று எதுவும் கிடையாது.

போன ஆடியில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து சாருலதா என்ற அம்மாள் கூப்பிட்டாள். கார் ஷெட்டைத் திறந்து அவள் துணியை உருவியதும் பாய்க்கு மூச்சே நின்றுவிட்டது. சிவப்பு ஆல்ஃபா ரோமியோ. இரண்டே சீட், திறந்த தலை, அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது.

"அப்பா யாரையும் தொட விடமாட்டார் பாய். எண்பத்துமூணுக்கு அப்புறம் அவரும் தொடலை. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டார்" என்றாள் சாருலதா. அப்பா ராகவேந்திரன் பெரிய வக்கீலாக இருந்தவர். இப்போது எண்பத்தெட்டு வயது, ஷெட்டுக்கு மேல் அறையில் படுக்கை, ஞாபகம் பாதி போய்விட்டது.

"இன்னா வெலைக்குப் போவும்னு நெனைக்கிறீங்க மேடம்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"அடிபடாத வண்டின்னு மொத வரியில எழுதினா எண்பது லட்சம். எங்கனா அடி கீதுன்னு எழுதினா முப்பத்தஞ்சு தாண்டாது. அந்த ஒரு வரிதான் மேடம் எல்லாம்."

"விலை கிடக்கட்டும் பாய். இந்த வண்டி ஆத்தை விட்டுப் போனா போதும்" என்றாள் அவள். ஏன் என்று பாய் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வலது பக்கம், கதவுகள், பின்பக்கம், எல்லா இடத்திலும் காந்தம் அட்டையாக ஒட்டிக்கொண்டது. பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியாக இடது முன் மட்காட். முகவிளக்குக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வைத்தார். காந்தம் வழுக்கித் தரையில் விழுந்தது.

அடச்சே என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தார். சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தகட்டின் உள்பக்கத்தைத் தடவினார். சுத்தியல் தட்டிய மேடு பள்ளம். அதன் மேல் தார்ப் பூச்சு. பூச்சின் நடுவில் ஒரு குழி. குழியில் தன் கட்டைவிரலை வைத்தார். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. டார்ச்சை அடித்து, கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். ரேகைகள் தெளிவாக இருந்தன. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. தன் இடது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். அதே வெட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம். ட்ரிங். சைக்கிள் பெல், காதுக்குப் பக்கத்தில். திரும்பினார். ஷெட்டில் சைக்கிள் எதுவும் இல்லை.

மேலேயிருந்து கிழவரின் குரல் வந்தது. "சாரு, மணி அடிக்கறான் பாரு."

"தினம் இதேதான் பாய். என் காதுல ஒண்ணும் விழறதில்லை" என்றாள் சாருலதா. "உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

"இல்லீங்களே" என்றார் பாய். அவர் அன்று சொன்ன முதல் பொய் அது.

அந்தக் கட்டைவிரலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்துமூன்றில் ராயப்பேட்டையில் இனாயத் உஸ்தாதின் டிங்கரிங் ஷெட்டில் ஷரஃபுதீன் வேலை பார்த்தார். இருபது வயது, கையில் வித்தை, தலையில் கனம். வேலை முடிந்த வண்டியில் யார் தட்டியது என்று பேர் போட உஸ்தாத் விடமாட்டார். அதனால் இவர் உள்பக்கம் தார் பூசியதும் ஈரத்தில் கட்டைவிரலை ஒரு அமுக்கு அமுக்கிவிடுவார். ஒருத்தர் கண்ணிலும் படாது. ஆனாலும் தன் வேலை தன்னுடையது என்று ஒரு வீறாப்பு. ஒரு வெள்ளிக்கிழமை தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று வந்தது. இடது மூலை மட்டும் தெரிந்தது. "எதுவும் கேக்காத, தட்டு" என்றார் உஸ்தாத். இவரும் கேட்கவில்லை. பம்பருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் பெல் மூடி சிக்கியிருந்தது. தாமரை பொறித்த நிக்கல் மூடி, விளிம்பில் சின்ன நெளிவு. அது யாருடையது, அந்த ஆள் என்ன ஆனான் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஒரு நிமிஷம்தான். நல்ல மூடியாயிற்றே என்று துடைத்துத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு சைக்கிள் மூன்று மாறியது. மூடி மட்டும் மாறவில்லை.

மறுநாள் சாருலதா வீட்டு ஷெட்டுக்குப் போகும்போதே பாய் முடிவு செய்துவிட்டார். அடிபடாத வண்டி என்றே எழுதிவிடுவது. அடி என்று எழுதினால் எங்கே, எப்போது, யார் தட்டியது என்று ஏலக்காரர்கள் துருவுவார்கள். அந்தக் கட்டைவிரல் வெளியே வந்தால் முப்பது வருஷப் பேர் சந்தி சிரிக்கும். கிழவருக்கு ஞாபகம் இல்லை, உஸ்தாத் போய்ச் சேர்ந்துவிட்டார், யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் மனசு கணக்காகப் பேசும்.

காகிதத்தைப் பானட்டின் மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். பட்டப்பகல். வாசல் வெளிச்சம் சாய்வாக மட்காட்டில் விழுந்தது. நேற்று கண்ணாடி போல வழவழப்பாக இருந்த இடத்தில் இன்று ஒரு பள்ளம். வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு. பெயின்ட் விரியவில்லை, உரியவில்லை. கீழேயிருந்து யாரோ உறிஞ்சியது போல அமுங்கியிருந்தது. குனிந்து பார்த்தார். பள்ளத்தின் அடியில் இதழ்கள். தாமரை, உள்நோக்கிப் பதிந்திருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் பாய். ஷெட் சாவி சாருலதாவின் கைப்பையை விட்டு நகர்ந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்து பெல் மூடியைக் கழற்றினார். மனைவி கைசர் ஜஹான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"நல்லாத்தான கீது, எதுக்குக் கழட்டுறீங்க?"

"வேற ஒருத்தரோடது. திருப்பிக் குடுக்கணும்."

"இத்தினி வருஷமா ஞாபகம் வரலியா?"

பாய் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை மூடியைக் கையில் பொத்திக்கொண்டு போனார். பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது. மூடியை அதில் வைத்தார். இதழுக்கு இதழ் பொருந்தியது. வைத்த கையை அவர் எடுப்பதற்குள் மூடி தானாகவே ஒருமுறை அடித்தது. ட்ரிங்.

பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம். சாருலதா அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். "கீழ போகணும், கீழ போகணும்னு ஒரே பிடிவாதம் பாய்" என்றாள். கிழவர் வண்டியைப் பார்க்கவில்லை. பாயின் கையைப் பார்த்தார்.

"மணியை எடுத்துண்டு போனது நீதானா?"

இருவரும் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

"நான்தான் சார்."

"நான் நிறுத்தாம போயிட்டேன்" என்றார் ராகவேந்திரன். தண்ணீர் கொண்டு வா என்பது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். "எழுந்திருக்கப் பார்த்தான். கண்ணாடில தெரிஞ்சது. போயிட்டேன். நீ ஏண்டா எடுத்தே?"

சாருலதாவின் கை நாற்காலியை விட்டுவிட்டது. "அப்பா, என்ன பேசறேள்?" என்றாள். அவர் தலை தொங்கி, மறுபடி தன் மறதிக்குள் போய்விட்டார். பாய்தான் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை, தார்ப்பாய், கட்டைவிரல், மூடி, எதையும் விடவில்லை. அந்த அம்மாள் அப்பாவின் தொங்கிய தலையை நிமிர்த்தி வைத்தாள்.

"எழுதிடுங்கோ பாய்" என்றாள் கடைசியில்.

எழுதினார். இடது முன் மட்காட் சைக்கிளில் மோதி நசுங்கியது, ஆண்டு 1983. தட்டி நிமிர்த்திப் பட்டி பூசி மறைத்தவன், ஷரஃபுதீன். உள்ளே என் கட்டைவிரல் இருக்கிறது. கையெழுத்தைப் போட்டு, மூடியைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தே வீடு வந்தார். அன்றிலிருந்து கிழவர் மணியைப் பற்றிப் பேசவில்லை என்று சாருலதா போனில் சொன்னாள்.

ஏலத்தில் வண்டி முப்பத்துநான்கு லட்சத்துக்குப் போனது. அடுத்த வாரம் மகேஷ் கூப்பிட்டான். வாங்கினவர் சார்பாக வண்டியைப் பிரித்துப் பார்த்தவன். பாயிடம் மரியாதை உள்ளவன்.

"பாய், தப்பா நெனைச்சுக்காதீங்க. இன்னா எழுதி வெச்சிருக்கீங்க? அந்த மட்காட்ல ஒண்ணுமே இல்ல. காந்தம் எல்லா இடத்திலயும் ஒட்டுது. பெயின்டைச் சுரண்டியே பாத்துட்டேன், கம்பெனித் தகடு, ஒரு அடி கூட வாங்கல."

"பள்ளம்? பெல் மூடி?"

"இன்னா மூடி பாய்?"

"உள்ள கையை வுட்டுப் பாத்தியா? கட்டைவிரல்?"

"பாத்தேன் பாய். வழவழன்னு கீது. அந்தம்மாக்கு பாதி வெல போச்சு. மார்க்கெட்ல எல்லாரும் பேசிக்கினு கீறாங்க, பாய்க்குக் கண்ணு போச்சு, மொத தப்பு பண்ட்டார்னு. நான் இன்னான்னு சொல்லட்டும் அவங்ககிட்ட?"

பாய் இடது கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். வண்டியில் எல்லாம் அழிந்திருந்தும், கட்டைவிரலின் குறுக்கே அந்த வெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"தப்பு என்னுதுதான்னு சொல்லுப்பா" என்றார்.