நாடிக்குக் கீழே பிடித்த மீற்றர்

நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த ஸ்ரூடியோ மாஸ்டருடைய மகன் கொண்டுவந்து தந்த லைற் மீற்றரைத் தண்ணீரில் கழுவ முடியாது. முடிந்திருந்தால் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியிருப்பேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததோடு நிறுத்த வேண்டியதாயிற்று. துடைத்த பஞ்சைக் குப்பைக் கூடையில் போடவும் மனம் வரவில்லை. முற்றத்தில் கொண்டுபோய் எரித்தேன். ஏதோ தொற்று நோய்க்காரனின் சாமான் என்று என் மனைவி நினைத்திருப்பாள்.

"மாமா, இன்ரநெற்றுல பாத்தன். இப்ப டிஜிட்டல் கமராவுக்கும் இதப் பாவிக்கிறாங்களாம். வாப்பாட கைபட்ட சாமான். ஒங்களுக்கிட்ட இரிந்தாத்தான் மதிப்பு" என்றான் அவன். மாஸ்டர் இறந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அடுத்த வாரம் அது. நல்ல பிள்ளை. அவனிடம் என்னத்தைச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். தலையில் பாதிப் பந்து போல ஒரு வெள்ளைக் குமிழ், அதன் கீழே முள், அதற்கும் கீழே சுழற்றுகிற வட்டு. படம் எடுக்கப்படுகிறவரின் முகத்தருகே கொண்டுபோய்க் குமிழைக் கமராப் பக்கம் திருப்பிப் பிடித்தால், அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று முள் காட்டும். நான் என் டிஜிட்டல் கமராவின் தானியங்கி வித்தைகளை எல்லாம் நிறுத்தி, ஐஎஸ்ஓவை நூறில் வைத்து, வாசல் நிழலில் இருந்த தண்ணீர்க் குடத்தின் முன் மீற்றரைப் பிடித்தேன். யாருடைய முகத்துக்குக் கிட்டவும் அதைக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. முள் சொன்னபடி வேகம் அறுபது, துவாரம் எட்டு என்று வைத்து அழுத்தினேன். குடம் படத்தில் அச்சொட்டாக விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சனியன் ஒரு துளி பிசகவில்லை. பழுதாகிப்போயிருந்தால் நிம்மதியாகத் தூக்கி எறிந்திருக்கலாம்.

அதன் தோலுறையை மூக்கருகே கொண்டுபோனது என் பிழை. அத்தர் வாசம். மாஸ்டர் காதுமடலில் அத்தர்ப் பஞ்சு செருகியிருப்பார். அந்த விரலாலேயே மீற்றரை எடுப்பார். ஊரில் மற்றவர்களுக்கு அது பள்ளிவாசல் வாசம், பெருநாள் வாசம். எனக்கு அது மாஸ்டரின் விரல் வாசம்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்முனை பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் அவருடைய ஸ்ரூடியோ இருந்தது. எனக்கு இருபத்துநான்கு வயது. இருட்டறைதான் என் இராச்சியம். பிலிம் கழுவுவது, படம் அச்சடிப்பது, ஓரம் வெட்டுவது எல்லாம் நான். அடையாள அட்டை இல்லாமல் ஒரு சந்தி தாண்ட முடியாத யுத்த காலம் என்பதால் சனத்துக்குக் குறைவில்லை. ஆண்களுக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். யாருக்கும் அளவாக வரட்டும் என்று முதுகை நெடுகக் கிழித்து நாடா தைத்திருந்தார்கள். முன்னால் துரை, பின்னால் பெனியன். வயல்காரரான நிந்தவூர்ப் போடியாரும் மருதமுனை நெசவுக்காரரும் அதே கோட்டுக்குள்தான் வியர்த்தார்கள். நான் இருந்த ஐந்து வருஷத்தில் அதைத் துவைத்ததில்லை. சீப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து இதை வாசிக்கிறீர்களோ என்னவோ.

அந்த ஸ்ரூடியோவில் எதுவும் அசையாது. அதுதான் விஷயம். இரண்டு பெரிய லைற்றும் கூரையிலிருந்து இறங்கிய இரும்புக் குழாயில் இறுக்கப்பட்டவை. கதிரை பலகைத் தரையோடு ஆணி அடிக்கப்பட்டது. கமராவின் முக்காலிக்குத் தரையில் மூன்று குழி. ஜன்னலுக்குக் கறுப்புச் சீலை. கமராவுக்குப் பின் சுவரில், மாஸ்டர் தன் கையாலேயே பென்சிலால் "60 – 5.6" என்று எழுதி வைத்திருந்தார். லைற்றும் கதிரையும் அசையாத இடத்தில் அளவு மட்டும் எப்படி மாறும்? அளக்கவே தேவையில்லை. ஆனாலும் அளந்தார்.

நான் முதலில் அதைப் பெரிய வித்தை என்றுதான் நினைத்தேன். ஒருதரம் தொட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, "இதுக்கு விளங்கின கை வேணும்" என்றார். விளங்காத கையோடு திரும்பி வந்தேன். அவர் இல்லாத வேளையில் இருட்டறைக்குள் வெறுங்கையை நீட்டி, மீற்றர் பிடிப்பது போலப் பழகிக்கூடப் பார்த்திருக்கிறேன். சீ, இப்போது நினைக்கக் கூசுகிறது.

உண்மை தெரிந்தது நெகட்டிவில். ஒரு நாள் கொடியில் காயப்போட்ட பிலிம்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணின் நெகட்டிவும் பெண்ணின் நெகட்டிவும் ஒரே அளவு கறுத்திருந்தன. சரிதானே, ஒரே லைற். ஆனால் பெண்களின் கழுத்து மட்டும் பின்னுக்கு இழுபட்டிருந்தது. ஒருத்தி இரண்டு பேர் அல்ல, வரிசையாக. அடுத்த நாள் இருட்டறைச் சீலையை விலக்கிப் பார்த்தேன். ஆண்கள் வந்தார்கள், இருந்தார்கள், மாஸ்டர் அழுத்தினார், போனார்கள். மீற்றர் சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது. ஒரு பெண் வந்து இருந்ததும் அது வெளியே வந்தது. "காது தெரியணும்" என்று முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். மீற்றர் நாடிக்குக் கீழே, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே போயிற்று. இரண்டு விரல் அதைப் பிடித்திருந்தது. மற்ற மூன்று விரலும் கழுத்தில் கிடந்தன. அவர் முள்ளைப் பார்க்கவேயில்லை. நான் சீலையை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். மாதக் கணக்காக அப்படியே வேலையைப் பார்த்தேன்.

பிறகுதான் ஜெஸீமா ராத்தா வந்தார். என்னிலும் மூத்தவர், அக்கா மாதிரி. பாலமுனை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் படம். மறுநாள் காலை ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். கூட வந்தவர் அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன்; அவருக்கும் அடையாள அட்டைப் படம். காக்கா முதலில் கோட்டுக்குள் புகுந்தார், இருந்தார், அரை நிமிஷத்தில் எழும்பினார். ராத்தா ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கீழ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று மாஸ்டர் காக்காவை அனுப்பிவிட்டார்.

மீற்றர் வெளியே வந்ததும் ராத்தாவின் குரல் இருட்டறைக்குள் கேட்டது.

"காக்காக்கு அந்தப் பெட்டி பிடிக்கல்லயே. எனக்கு மட்டும் எதுக்கு?"

அந்தக் கதிரையில் இருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. மாஸ்டர் சிரித்தார்.

"பெண்டுகள்ர முகத்துக்கு வெளிச்சம் வேற புள்ள."

"ரெண்டு பேருக்கும் ஒரே லைற்தானே?"

"நம்பாட்டி இவன்ட்டக் கேளுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தேன். கையில் பிலிம் கழுவும் ஹைப்போத் தண்ணீர் சொட்டியது. ராத்தா என்னைப் பார்த்தார். அவர் சத்தம் போட்டால் காக்கா மேலே வருவார்; வந்தால் சண்டை மாஸ்டரோடு முடியாது, பயணமும் நின்றுபோகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் சத்தம் போடாமல் என்னிடம் கேட்டார்.

"செல்லுங்க தம்பி. பிடிக்கத்தான் வேணுமா?"

"தேவயில்ல" என்ற ஒரு சொல் போதும். மாஸ்டர் வெட்கப்பட்டாவது அதைப் பைக்குள் போட்டிருப்பார். என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான் சுவரிலிருந்த பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் ராத்தா, பிடிக்கத்தான் வேணும்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நாடியை உயர்த்தினார். நான் உள்ளே போய்ச் சீலையை இழுத்துவிட்டேன். அன்று பின்னேரம் அந்தப் படத்தை நானேதான் அச்சடித்தேன். தட்டிலிருந்த மருந்துக்குள் முதலில் தெரிந்தது இழுபட்ட கழுத்துத்தான்.

படத்தை வாங்க வந்தபோது ராத்தா நான்கு பிரதியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது மெதுவாகச் சொன்னார்: "தம்பிக்கு விளங்காட்டி, விளங்கல்ல எண்டு செல்லியிருக்கலாமே." அளக்கத் தேவையில்லை என்பது எனக்கு விளங்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவனுக்கு இதைவிட மலிவாக மானம் கிடைக்காது.

இப்போது அந்த மேல்மாடியில் கைத்தொலைபேசிக் கடை. நடத்துவது மாஸ்டரின் மகன்தான். தரைக் குழிகளுக்கு மேல் ஓடு பதித்தாயிற்று. நெகட்டிவ் பெட்டிகளை வெள்ளி பிரித்தெடுக்கிறவர்கள் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். கத்தத்தில் ஆளுக்கு ஆள் மாஸ்டரின் கலையைப் புகழ்ந்தார்கள். புரியாணி சாப்பிட்டுக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன்.

மீற்றர் வீட்டுக்கு வந்த பிறகு நித்திரை சரியில்லை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பாலமுனைக்குப் போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கல்வீடு. ராத்தா மௌத்தாகி மூன்று வருஷமாம். மகள் தேத்தண்ணி தந்தார். ஸ்ரூடியோவில் வேலை செய்தவன் என்றதும் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதே பாஸ்போர்ட் படம், பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தது.

"உம்மாட இளவயசுப் படம் இது ஒண்டுதான் இரிக்கி. ஏன் மாமா உம்மா பயந்த மாதிரி இரிக்கா?"

அந்த ஸ்ரூடியோவில் படம் பிடித்த அத்தனை பெண்களிலும் வாயைத் திறந்து கேள்வி கேட்டவர் உன் உம்மா ஒருவர்தான் என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். மாஸ்டர் போய்விட்டார், ராத்தாவும் இல்லை. அவர் கேட்டதைக் கேட்ட காது இனி என்னுடையது மட்டும்தான்.

"அந்தக் காலத்து லைற் மகள். கண்ணக் கூசும்" என்றேன்.

மகளின் முகம் தெளிந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதானே பாத்தன். எங்கட உம்மா பயப்புடுற ஆள் இல்ல."