ஷாக் மாற்ற வந்தவர்கள்

பைக்கின் ஷாக் அப்சார்பரைப் பழுது பார்க்கிறவன் பிழைப்பு ஒரு தினுசானது: ரோடு போட்டவனுக்குப் போக வேண்டிய திட்டெல்லாம் எங்களுக்குத்தான் வந்து சேரும்.

செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு சின்ன பட்டறை. பதினெட்டு வருஷமாக முன்பக்க ஃபோர்க்கையும் பின்பக்க ஷாக்கையும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் சக பாவிகளே, நீங்கள் எந்த ஊரில் வண்டி ஓட்டினாலும் இது உங்கள் கதைதான்.

தங்கக் கலர்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாப்பிள்ளை வந்தார். வண்டி வாங்கி ஆறு மாசம்கூட ஆகவில்லை. கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் கேஸ் அடைத்த தங்கக் கலர் டப்பா ஒட்டியிருக்கும் கேஸ் ஷாக்கை மாட்ட வேண்டுமாம். கையோடு வாங்கியும் வந்துவிட்டார். இருக்கிறதற்கு என்ன குறை என்று கேட்டேன். வேலையில் குறை இல்லை, பார்க்கிறவர் கண்ணில் படவில்லை, அதுதான் குறை என்றார்.

மாட்டிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்க நேரே கிரிவலப் பாதைக்குப் போனார். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு இது. ஜனங்கள் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிற பாதை, ஜில்லாவிலேயே வழவழப்பான ரோடு. அதில் கட்டை வண்டி ஓட்டினாலும் ஷாக் பிரமாதம் என்றுதான் தோன்றும். ஒரு சுற்று முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு மாப்பிள்ளை திரும்பினார். "பள்ளமே தெரியலணா. உங்க பேச்சக் கேட்டுப் பழசையே வெச்சிருந்தா என் இடுப்பு என்னா ஆயிருக்கும்?" என்றார்.

வளைந்த ஸ்பானர்

அடுத்த வாரம் தனசேகர் வந்தார். டவுனில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறவர், நல்ல ஆகிருதி. அவருடைய மனைவி கலைவாணிக்கு டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. நாலு வருஷம் அலைந்து வாங்கிய வேலை. அந்தக் கலைவாணிக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் வண்டியில் தூக்கிப் போட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் கிராமத்திலிருந்து வருகிற பஸ்ஸோ, ஆபீஸ் திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டவுனுக்கே வரும், அதனால் தினமும் இவர் வண்டியில் பின்சீட்டுதான். இருப்பதிலேயே உசத்தியான கேஸ் ஷாக்கைப் போடுங்கள் என்றார் தனசேகர்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. ஷாக்கே செத்துப்போயிருந்தால் புதுசு வாங்கலாம். நன்றாக இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். ஃபோர்க் ஆயில் கஷாயமாகக் கறுத்திருந்தது, மாற்றினேன். பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஐந்து படி வைத்த ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்புகிற வளைந்த ஸ்பானர், வண்டி வாங்கிய நாளிலிருந்து சீட்டுக்கு அடியில் கவர்கூடப் பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. தனசேகரை ஓட்டச் சொல்லி நானே பின்னால் உட்கார்ந்தேன். வேகத்தடையில் ஷாக் முழுக்க அமுங்கி அடி தட்டியது. நாலாவது படிக்கு ஏற்றினேன், தட்டுவது நின்றது. எனக்குப் பரம திருப்தி. தனசேகர் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "புதுசா ஒண்ணுமே மாட்டாம எப்படிணா சரியாவும்? ஒரு ஸ்டிக்கராவது ஒட்டி அனுப்புங்க" என்றார்.

நாலு நாள் கழித்து

தனசேகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. வலி முன்னைவிட ஜாஸ்தியாம். கலைவாணி ராஜினாமா கடிதம் எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறாராம். எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு பெரிய பிரசங்கம் செய்தேன்! தங்க டப்பாவை மாட்டி அனுப்பியிருந்தால் பழி அதன் மேல் போயிருக்கும். இப்போது முழுக்க என் தலையில். மனைவியையே ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கூட்டி வருகிறேன், ஆனால் கேஸ் ஷாக்கை எடுத்து வையுங்கள் என்றார். கிளம்பும்போது, "கம்பெனி ஷாக் மேல உங்களுக்கு இருக்கிற பாசத்துல என் பொண்டாட்டி வேலை போவப் போவுது" என்றார்.

பின்சீட்டுக்காரர்

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். கலைவாணியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. புருஷனில் பாதிகூட இல்லை. ஒடிசலான உடம்பு, நாற்பது கிலோ தேறினால் அதிகம். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தபோது பின்னால் யார் உட்கார்ந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தார், முக்கியமாகத் தொப்பை இருக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தார். "அப்போ வண்டி உங்களுக்குத்தாங்க சரியாயிருக்கும். எனக்கெப்படி இருக்கும்?" என்றார்.

இரண்டு குண்டு ஆசாமிகளுக்காக இறுக்கிய ஸ்பிரிங், இவர் உட்கார்ந்தால் அசைந்தே கொடுக்காது, தூக்கித்தான் எறியும். போதாக்குறைக்கு, தனசேகர் அவ்வப்போது சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர், டயரிலும் மூட்டைக்குத் தகுந்த காற்று. மனைவிக்கும் அதே காற்றுதான். கலைவாணியை உட்கார வைத்தே வளையத்தை இரண்டு படி இறக்கினேன், காற்றைக் கம்மி செய்தேன். கிரிவலப் பாதைப் பக்கமே போகக் கூடாது, வேங்கிக்கால் ஆபீஸ் வாசல்வரை அத்தனை வேகத்தடையிலும் ஏறி இறங்கி வாருங்கள் என்று அனுப்பினேன்.

அந்த அரை மணி நேரம் நான் வேறு வேலையைத் தொடவில்லை. கலைவாணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் கேஸ் ஷாக்கைப் பிரித்து நானே மாட்டிவிடுவது என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார்கள். தனசேகர் தன் மனைவி முகத்தையே பார்த்தார். நானும்தான். கலைவாணி கைத்தாங்கல் இல்லாமல் தானே இறங்கினார். ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, என் கழிவுத் துணி டப்பாவில் போட்டார். "வலி இருக்குதுங்க. ஆனா வேலைய விடற அளவுக்கு இல்ல. நேரமாவுது, நான் கெளம்பறேன்" என்றார்.

பதினெட்டு வருஷமாக ஊராரின் ஷாக்கைச் சரி செய்கிற நான், பின்சீட்டில் உட்காருகிறவரிடம் முதல்முறையாகப் பேசியது அன்றைக்குத்தான், அதுவும் அவராக வந்து கேட்ட பிறகு.