மோட்டாரை ஒளித்து வைத்த தெரு

போன வருடம் மழை விடாமல் பெய்த ஜூலை மாதம், ஹைதராபாத் உப்பலில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் தெருவிலேயே அதிகமாகக் கத்தியவள் நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் குடிநீர் வரும். ஒரு மணி நேரம்தான், அதுவும் நூல் மாதிரி. அதனால் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சி எடுப்பது எங்கள் வழக்கம். சட்டப்படி தப்பு. பிடித்தால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அபராதம் வேறு. அதற்கும் நாங்கள் வழி வைத்திருந்தோம். மோட்டார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு. குடிநீர் வாரிய ஜீப் தலை காட்டினால் 'விருந்தாளி வந்தாச்சு' என்று தெலுங்கில் ஒரு வரி போகும். இரண்டு நிமிடத்தில் மோட்டார்கள் மாயமாகிவிடும். ஒருவர் அரிசி டிரம்மில் ஒளிப்பார், ஒருவர் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். என்னுடையது வாஷிங் மெஷினுக்குள் போகும். எங்கள் வீடு தெருமுனையில் இருப்பதால் அந்த வரியைப் போடுகிற வேலை பெரும்பாலும் என்னுடையது. அதில் எனக்குப் பெருமை கூட இருந்தது.

மோட்டார் இல்லாத ஒரே வீடு பக்கத்து வீட்டு அக்காவுடையது. நாங்கள் விருதுநகரிலிருந்து வந்து பத்து வருடம்தான் ஆகிறது. அக்காவின் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தது. நான் எத்தனையோ முறை மோட்டார் வாங்கச் சொல்லியிருக்கிறேன். "நக்கோம்மா. இருக்கறது மூணு பேரு, கைக்கு எனக்கு மோட்டார்?" என்பார். வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று ஹைதராபாத் உருது கலந்த தமிழ் அவருடையது. காலையில் குடத்தோடு குழாயடியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாங்கள் கிண்டல் செய்வோம். அப்போது அவருடைய பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

திடீரென்று ஒரு நாள் தண்ணீரில் சாக்கடை வாடை அடித்தது. எங்கள் வீட்டில் குடிக்க சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. அக்கா வீட்டில் அது கிடையாது. பெண்ணுக்காகக் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார். நான் வாரியத்துக்கு போன் போட்டேன். தெலுங்குக்கு ஒன்றை அழுத்து, ஹிந்திக்கு இரண்டை அழுத்து என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாவது நாள் பொறுமை போய் அந்தக் குரலிடமே கத்திவிட்டேன். அது ரெக்கார்டும்மா, அதுக்குக் காது கேட்காது என்று என் மகள் தெலுங்கில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

ஒருவழியாக ஆள் அனுப்பினார்கள். தண்ணீர் விடும் நேரத்துக்குச் சரியாக ஜீப் தெருவில் திரும்பியது. நான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த ஜீப். அதைப் பார்த்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா? பழக்க தோஷத்தில் குழுவில் 'விருந்தாளி வந்தாச்சு' என்று போட்டுவிட்டு, ஓடிப்போய் என் மோட்டாரையும் கழற்றி ஒளித்துவிட்டது. தெருவே கப்சிப்.

வந்தவர்கள் அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மருந்தைச் சொட்டு விட்டார்கள். பளிச்சென்று மஞ்சளாக மாறியது. மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது, கழிவு கலக்கவில்லை என்று குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் விளக்கினார். மழைக்குக் குழாயில் தங்கிய தண்ணீர்தான் நாறுகிறது, முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டுப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு வந்ததே ஆத்திரம். இன்றைக்கு மட்டும் நல்ல தண்ணீரை விட்டு நாடகம் ஆடுகிறீர்களா என்று ஜீப்பை மறித்துச் சண்டை போட்டேன். அக்கா சண்டைக்கு வரவில்லை. மஞ்சளைக் கண்ணால் பார்த்துவிட்டார், அது போதும் அவருக்கு. கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, அடுத்த முறை இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவதைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டார்.

மறுநாளே அக்காவின் பெண்ணுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் நீரே இல்லை, வலி முன்கூட்டியே வந்துவிடலாம், குழந்தையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் குழுவில் வாரியத்தைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினேன். இந்த ஊரில் யாருக்குமே பொறுப்பு கிடையாது என்றும் எழுதினேன்.

அடுத்த முறை தண்ணீர் வந்த காலையில் அதே லைன்மேன் ஜீப் இல்லாமல், தனியாக நடந்து வந்தார். யாருக்கும் தெரியவில்லை. என் வாசலில் வந்து நின்றபோது உள்ளே என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து ஸ்விட்சில் கை வைத்தேன்.

"அணைக்காதீங்கம்மா," என்றார் தெலுங்கில். "அன்னைக்கு எல்லாரும் அணைச்சதாலதான் தண்ணி மஞ்சளாச்சு."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். குழாயில் எங்கோ விரிசல் இருக்கிறது. மோட்டார் ஓடாதபோது உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். எல்லோரும் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது வெளியே கிடக்கும் சாக்கடை அதே விரிசல் வழியாக உள்ளே வரும். மோட்டார்கள் ஓடினால்தான் அது எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். அபராதம் போட வரவில்லை, ஓட விடுங்கள், அது போதும் என்றார்.

அன்று எல்லோரையும் அணைக்க வைத்தது நான் போட்ட அந்த வரிதான். ஆனால் அதை நினைத்து உட்கார்ந்திருக்க நேரம் ஏது? தண்ணீர் நிற்க அரை மணி நேரம்தான் இருந்தது. அவருடன் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டிலும் மோட்டார் இல்லையாம். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மோட்டாரா, எங்கள் வீட்டிலா என்று வாசலை மறித்துக்கொண்டு கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அது கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. குழுவில், அபராதம் இல்லை, தயவுசெய்து எல்லோரும் போடுங்கள் என்று எழுதினேன். ஒருவர் கைகூப்பும் படம் அனுப்பிவிட்டுத் தன் மோட்டாரை அணைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை கிடக்கிறாள், எந்த டிரம்மில் யார் மோட்டார் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நானே உள்ளே வந்து எடுப்பேன் என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

லைன்மேன் அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டார். இந்த முறை மஞ்சள் வரவில்லை. மதியத்துக்குள், அக்கா வீட்டு வாசலுக்கு முன்னால் சாக்கடைக்குள்ளேயே போகும் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டையே மாற்றிவிட்டார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஜீப் வந்த நாளில் நான் போட்ட அந்த ஒரு வரியைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தேன்.

"ஹவ், ஆமா, பழக்கத்துல போட்டுட்டே, சரி," என்றார். "எல்லா மோட்டாரும் நின்னிருக்குன்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இது தினம் வர்ற தண்ணி இல்லைன்னு அந்த மஞ்சளை நான் நம்பியிருக்க மாட்டேன்மா. மோட்டார் இருந்தாத்தான் சொல்லுவீங்களா?"

பெண் நான்கு நாளில் வீடு திரும்பினாள். குழந்தை இரண்டு வாரம் முந்திப் பிறந்தது, நன்றாக இருக்கிறது. அக்கா என்னோடு பழையபடி பேசுகிறார், அதுவே எனக்குப் பெரிய விஷயம். நான் என் மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். தெருவில் பாதிப் பேர் மறுபடியும் மாட்டிவிட்டார்கள், பாங்க் பெரியவர் உட்பட. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, போய்க் கேட்கிறேன், சண்டையும் போடுகிறேன். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால், தப்புச் செய்த எங்கள் எல்லோரையும் காப்பாற்ற ஒரு குழு வைத்திருந்த நான், தப்பே செய்யாத அந்த ஒரு வீட்டை எச்சரிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லையே என்பதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது.